வீட்டோடு ஒரு வண்டிப் பயணம்



ஐரோப்பாக் கண்டத்தில் கோடைக்காலம் பிறந்துவிட்டால், அங்குள்ள சாலைகளில் ஒருவகை வண்டியை நிறையப் பார்க்கலாம். வெளியே பார்த்தால் சாதாரண வேன். உள்ளே பார்த்தால் ஒரு சிறு வீடு. அப்பா வண்டி ஓட்டுகிறார். அம்மா பக்கத்தில் அமர்ந்து வழி பார்த்துச் சொல்கிறார். பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் ஓரிடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். அங்கேயே சமைத்து, உண்டு, அந்த வண்டிக்குள்ளேயே படுத்து உறங்குகிறார்கள். இப்படி இரண்டு மூன்று வாரம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறார்கள். இந்த வண்டிக்குக் கேம்பர் வேன் என்று பெயர். இன்றைய உரைக்கு நாம் இதனை 'வீட்டு வண்டி' என்றே அழைப்போம்.

"பால்மரம் வெட்டுகிறவருக்கும் செம்பனைக் குலை சுமக்கிறவருக்கும் ஐரோப்பாவில் ஓடும் வண்டியைப் பற்றி என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், செல்வர் ஒருவரின் பொழுதுபோக்காகத் தொடங்கிய இந்த வண்டி, பின்னர் உழைக்கும் மக்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அது எப்படி வந்து சேர்ந்தது என்பதில் நமக்குத் தேவையான செய்தி ஒன்று இருக்கிறது. மேலும், தைப்பூசத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் நாமும் வேன் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு புறப்படுகிறோம் அல்லவா? அந்தப் பயணம் நலமாக முடிவதற்கும் இந்தச் செய்திகள் உதவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை வீடாக்கிக்கொண்டு பயணம் போவது நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் திருவிழாவுக்குப் புறப்படும் குடும்பங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போயின. மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டு. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம். வண்டிக்கு அடியில் தொங்கும் அரிக்கேன் விளக்கு. பின்பக்கம் அரிசி மூட்டையும் பானை சட்டியும். மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு இப்படி வந்தவர்கள் வண்டியை அவிழ்த்துப் போட்ட இடத்திலேயே கல் கூட்டிச் சமைத்தார்கள். வண்டியின் மேலும் கீழும் படுத்து உறங்கினார்கள். இரவில் மனிதருக்கு மெத்தையாக இருந்த வைக்கோல், காலையில் மாட்டுக்குத் தீவனமாயிற்று. எதையும் வீணாக்காத ஏற்பாடு அது.

அந்தப் பழக்கம் நம் முன்னோரோடு கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. பத்துமலையில் 1892ஆம் ஆண்டிலிருந்து தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து இரவில் புறப்படும் ரதத்தை அந்நாளில் மாடுகள் இழுத்துச் சென்றன. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலிருந்து மக்கள் கால்நடையாகவும், மாட்டு வண்டியிலும், ரயிலிலும் வந்து சேர்ந்தார்கள். பிற்காலத்தில் தோட்டத்து லாரி வந்தது. எதில் வந்தாலும் கட்டுச்சோறும் பாயும் கூடவே வந்தன. மலை அடிவாரத்தில் மரத்தடி கிடைத்தால் அதுவே அன்றைய வீடு.

கோலாலம்பூருக்கும், கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது 1886ஆம் ஆண்டில். அந்த ரயிலோடு வளர்ந்த ஊர்தான் பிரிக்பீல்ட்ஸ். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்த இடம், பின்னர் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாயிற்று. அவர்களில் தமிழர் மிகப் பலர். இன்று கிள்ளானிலிருந்து பத்துமலைக்குப் போகிறவர், அதே பிரிக்பீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, வேறு ரயில் ஏறிப் போகலாம். பத்துமலை அடிவாரம் வரை மின்சார ரயில் 2010ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது.

நம் கிள்ளான் ரயில் ஓடத் தொடங்குவதற்கு முந்திய ஆண்டு, 1885இல், இங்கிலாந்தில் ஒரு புதுமை நடந்தது. வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் கடற்படையில் மருத்துவராக இருந்தவர், கதைகளும் எழுதியவர். அவர் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறை ஒன்றில், இரண்டு குதிரைகள் பூட்டிய மரவீடு ஒன்றைச் செய்வித்தார். அதற்கு 'நாடோடி' என்று பொருள்படும் பெயரையும் வைத்தார். அலமாரி, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள அந்த வண்டியில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை பயணம் போனார். இன்பப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் வீட்டு வண்டி என்று இதைச் சொல்வார்கள். ஆனால் வண்டியும் குதிரையும் வேலையாளும் வைத்துக்கொள்ள அந்நாளில் எத்தனை பேரால் முடியும்? கையில் காசும் பொழுதும் உள்ளவரே அப்படிப் போக முடிந்தது.

இங்கே இன்னொரு மக்களையும் நினைவுகூர வேண்டும். ரோமா என்னும் இனத்தார் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து மேற்கே சென்றவர்கள். அவர்களுடைய மொழி இந்தி, பஞ்சாபி மொழிகளுக்கு உறவானது. ஐரோப்பாவில் அவர்களில் பலர் குதிரை வண்டியையே வீடாக்கி வாழ்ந்தார்கள். ஸ்டேபிள்ஸ் துரையின் வண்டியை வேடிக்கை பார்த்து வரவேற்ற அதே சமுதாயம், ரோமா மக்களின் வண்டியை ஊருக்குள் தங்கவிடாமல் விரட்டியது. இட்லர் ஆட்சியில் அவர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். 1971இல் இலண்டனுக்கு அருகே கூடிய அவர்களுடைய முதல் உலக மாநாடு, நடுவில் வண்டிச் சக்கரம் பொறித்த கொடியைத் தங்கள் கொடியாக ஏற்றுக்கொண்டது. விரும்பிப் போகும் பயணம் வேறு. விரட்டப்பட்டு அலைவது வேறு. இடம் விட்டு இடம் பெயர்க்கப்பட்ட தோட்டக் குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்கத் தேவையில்லை.

இனி, மோட்டார் பொருத்திய வீட்டு வண்டிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஜெர்மனியில் உள்ள வோல்க்ஸ்வாகன் தொழிற்சாலையைப் பார்க்க நெதர்லாந்து நாட்டு வணிகர் பென் போன் என்பவர் சென்றார். தொழிற்சாலைக்குள் சாமான்களை ஏற்றி இறக்கத் தொழிலாளர்கள் பயன்படுத்திய தட்டையான வண்டி ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதைப் பார்த்த அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. 1947இல் தம் குறிப்பேட்டில் சதுரப் பெட்டிபோல ஒரு வண்டியை வரைந்து காட்டினார். அந்தப் படமே வளர்ந்து 1950இல் வேனாக வெளிவந்தது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அந்த வேனுக்குள் வைப்பதற்கு ஒரு பெட்டித் தொகுதியைச் செய்தது. படுக்கையாக விரியும் இருக்கை, அலமாரி, சிறு அடுப்பு ஆகியவை அதில் அடங்கும். வேண்டும்போது வைக்கலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். ஆறு நாள் சரக்கு ஏற்றிப் பிழைப்புக்கு உதவிய வேன், ஏழாம் நாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிற்று. சிறு கடைக்காரருக்கும் கைத்தொழிலாளிக்கும் வீட்டு வண்டி எட்டியது இப்படித்தான்.

ஒரு வேன் எப்படி வீடாகிறது என்று பார்ப்போம். வீட்டுக்குத் தேவையானவை எவை? தண்ணீர், நெருப்பு, வெளிச்சம், படுக்கை, கழிவு போக வழி. இவை ஐந்தையும் சிறிய இடத்துக்குள் அடக்குவதே இந்த வண்டியின் சூட்சுமம்.

தண்ணீருக்குத் தொட்டி வைத்திருப்பார்கள். நல்ல நீருக்கு ஒரு தொட்டி. பாத்திரம் கழுவிய நீர் போய்ச் சேர வேறொரு தொட்டி. நூறு லிட்டர் தண்ணீரின் எடை நூறு கிலோ. ஆகவே நினைத்த அளவு நிரப்பிக்கொள்ள முடியாது. வண்டிக்காரர்கள் ஒரு செம்பு நீரில் முகம் கழுவப் பழகிவிடுகிறார்கள். வரிசைக் குழாயில் காத்திருந்து தண்ணீர் பிடித்த நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

சமையலுக்குச் சிறிய எரிவாயுத் தோம்பு. வெளிச்சத்துக்கும் விசிறிக்கும் மின்கலம், அதாவது பேட்டரி. வண்டியை ஓட்டுவதற்கு ஒன்று, வீட்டுத் தேவைக்கு ஒன்று என இரண்டு பேட்டரிகள் இருக்கும். இரவு முழுதும் விளக்கெரித்து ஒன்று தீர்ந்து போனாலும், மற்றொன்று காலையில் இயந்திரத்தைக் கிளப்பிவிடும். இக்காலத்தில் கூரைமேல் சூரிய ஒளித் தகடு வைத்து மின்சாரம் பெறுவதும் உண்டு. பகலில் இருக்கையாக இருப்பது இரவில் படுக்கையாக விரியும். சில வண்டிகளில் கூரையே மேலே உயர்ந்து, பிள்ளைகள் படுக்கப் பரண்போல இடம் கொடுக்கும்.

கழிவுத் தொட்டியை நினைத்த இடத்தில் திறந்துவிடக் கூடாது. அதற்கென்றே முகாம் திடல்கள் இருக்கின்றன. அங்கே கட்டணம் செலுத்தினால் வண்டி நிறுத்த இடம், குடிநீர், மின்சாரம், குளியலறை, கழிவைக் கொட்டும் இடம் எல்லாம் கிடைக்கும். சாலையோரத்தில் கண்ட இடத்தில் தங்குவதைப் பல ஊர்களில் தடுத்திருக்கிறார்கள். வந்தவர் போட்டுவிட்டுப் போகும் குப்பையைக் கூட்டுகிறவர் அந்த ஊர்த் தொழிலாளிதானே!

எடைக்கும் ஓர் எல்லை உண்டு. ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்தைக் கொண்டு, சுமையோடு சேர்த்து 3,500 கிலோ வரையுள்ள வண்டியை ஓட்டலாம் என்பது பொதுவான விதி. அதனால் பெரும்பாலான வீட்டு வண்டிகளை அந்த அளவுக்குள் அடங்கும்படி கட்டுகிறார்கள். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். மாட்டு வண்டிக்குச் சொன்னது மோட்டார் வண்டிக்கும் பொருந்துகிறது.

சரி, இந்தப் பயணத்துக்கு ஏன் கோடைக்காலத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்? நம் நாட்டில் ஆண்டு முழுதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். காலை ஏழு மணி வாக்கில் விடியும். மாலை ஏழு மணி வாக்கில் இருட்டும். ஐரோப்பாவில் அப்படியில்லை. ஜூன் மாதம் 21ஆம் நாள் வாக்கில் இலண்டனில் பகற்பொழுது பதினாறரை மணி நேரம். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் இருக்கும். நார்வே நாட்டின் வடகோடியில் மே மாத நடுவிலிருந்து ஜூலை மாத இறுதி வரை சூரியன் மறைவதே இல்லை!

இதற்குக் காரணத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் எலுமிச்சம்பழத்தின் நடுவே ஈர்க்குச்சியைச் செருகுங்கள். பழம் பூமி, குச்சி அதன் அச்சு. மேசைமேல் விளக்கொன்றை ஏற்றி வையுங்கள், அது சூரியன். குச்சியின் மேல்முனையை விளக்குப் பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பழத்தைச் சுழற்றுங்கள். பழத்தின் மேற்பகுதி ஒளியிலேயே அதிக நேரம் இருப்பதைக் காண்பீர்கள். அதுதான் வடக்கே கோடை. குச்சியின் சாய்வை மாற்றாமல் பழத்தை விளக்குக்கு எதிர்ப்பக்கம் கொண்டு போய்ச் சுழற்றினால், அதே மேற்பகுதி இருளில் அதிக நேரம் இருக்கும். அது குளிர்காலம். பழத்தின் நடுப்பகுதியில் மட்டும் ஒளியும் இருளும் பெரிதாக மாறுவதில்லை. நாம் வாழ்வது அந்த நடுப்பகுதிக்கு அருகில்தான். பூமியின் அச்சு ஏறத்தாழ இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதே இவ்வளவுக்கும் காரணம். குளிர்காலத்தில் சில இடங்களில் தொட்டித் தண்ணீரே உறைந்துவிடும். மலைப் பாதைகளைப் பனி மூடிவிடும். ஆகவே வெளிச்சமும் வெப்பமும் நிறைந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மக்கள் புறப்படுகிறார்கள்.

வண்டி இருக்கிறது, வெயில் இருக்கிறது. பயணம் போக இவை போதுமா? போதா. வேலையிலிருந்து விடுபட்ட நாள்கள் வேண்டும். அந்த நாள்களில் அடுப்பெரியக் கூலியும் வேண்டும். அதாவது, சம்பளத்தோடு கூடிய விடுமுறை வேண்டும். வீட்டு வண்டியின் கதையில் உயிர்நிலை இதுதான்.

பிரான்சு நாட்டில் 1936ஆம் ஆண்டு பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் பயனாக அவ்வாண்டு ஜூன் மாதம், எல்லாத் தொழிலாளருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் இயற்றினார்கள். லியோ லக்ராஞ்சு என்ற அமைச்சர், விடுமுறைக்குப் போகும் தொழிலாளருக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைத்துச் சீட்டுக் கிடைக்கச் செய்தார். அந்தக் கோடையில் இலட்சக்கணக்கானோர் பயணம் போனார்கள். சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனவர்களும் உண்டு. தங்கள் நாட்டின் கடலையே வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்த தொழிலாளர்கள் அவர்களில் பலர். பின்னர் அந்த விடுமுறை படிப்படியாக உயர்ந்து, 1982இல் ஐந்து வாரம் ஆயிற்று. விடுமுறை நீளநீள, கூடாரம் போய் வீட்டு வண்டி வந்தது.

அதே காலத்தில் நம் நிலை என்ன? பிரான்சில் தொழிலாளி சைக்கிளில் கடற்கரைக்குப் போய் ஐந்து ஆண்டு ஆனபின், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் ஆர். எச். நாதன் முதலானோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் கோரிக்கைகளைக் கேளுங்கள். சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். துரைமார் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும். ஆம்! சொந்த சைக்கிளில் உட்கார்ந்து போவதற்கே போராட வேண்டியிருந்தது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். சாலையில் தலைநிமிர்ந்து போகும் உரிமைக்கு இந்தக் கிள்ளான் மண்ணில் கொடுக்கப்பட்ட விலை அது.

இன்று நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளருக்கு ஆண்டு விடுமுறையை உரிமையாகத் தருகிறது. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு, வேலை செய்யும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 8 நாள். இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாள். இவை குறைந்த அளவு. வார ஓய்வு நாளும் பொது விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரா; அவை தனி.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். பன்னிரண்டு மாத வேலைக்குச் சேர்ந்த விடுமுறையை, அதற்கடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் உரிமை போய்விடும். முதலாளி கேட்டுக்கொண்டு, "விடுமுறை எடுக்கவில்லை" என்று தொழிலாளி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால், அதற்குப் பதிலாகப் பணம் பெறலாம். அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல், வேலை நாள்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராமல் இருந்துவிட்டால், அவ்வாண்டு விடுமுறை கிடைக்காது. ஆகவே எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்று ஆபீசில் கேட்டுக் குறித்து வையுங்கள். ஐயம் இருந்தால் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் இலாகாவிலோ கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

மீண்டும் ஐரோப்பாவுக்குப் போவோம். முன்பெல்லாம் ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குப் போக எல்லையில் வண்டியை நிறுத்திக் கடப்பிதழ் காட்ட வேண்டும். 1985இல் ஐந்து நாடுகள் லக்சம்பர்க் நாட்டில் ஷெங்கன் என்ற ஆற்றங்கரை ஊரில் கூடி, தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்குவதென்று உடன்பட்டன. 1995இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 நாடுகள் அதில் அடங்கும். சில வேளைகளில் சில எல்லைகளில் தற்காலிகச் சோதனை நடப்பதும் உண்டு. மற்றபடி காலையில் ஒரு நாட்டில் ரொட்டி வாங்கிப் பசியாறியவர், மதியம் இன்னொரு நாட்டில் சோறு சமைக்கலாம்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் எந்த 180 நாள் காலத்திலும் மொத்தம் 90 நாள் வரை அந்த நாடுகளில் விசா இன்றிச் சுற்றிப் பார்க்கலாம். வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுவதானால் நம் உரிமத்தோடு அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் கேட்பார்கள். அதை இங்கே சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெறலாம். ஆனால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு முதல் சில நாள் மிகுந்த கவனம் தேவை. விதிகள் மாறக்கூடியவை; புறப்படுமுன் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

எல்லாருக்கும் ஐரோப்பா எட்டாது. ஆனால் நம் நாட்டின் சாலைகள் நமக்கு எட்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பினாங்குத் தைப்பூசத்துக்கும், பகாங்கில் உள்ள மாரான் மரத்தாண்டவர் கோயில் பங்குனி உத்திரத்துக்கும், கேமரன் மலைக்கும், போர்ட் டிக்சன் கடற்கரைக்கும் நம் குடும்பங்கள் வேனில் போய் இரவு தங்கி வருகின்றன. அப்போது வண்டி ஓர் இரவுக்கேனும் வீடாகிவிடுகிறது. மாட்டு வண்டியில் இல்லாத ஆபத்துகள் மோட்டார் வண்டியில் உண்டு. அவற்றுள் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

மாடு தூங்காது, வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும் பழகிய வழியில் அது நடந்து போகும். மோட்டாருக்கு அந்த அறிவில்லை. பகலெல்லாம் உழைத்துவிட்டு, நள்ளிரவுக்கு மேல் புறப்பட்டு விடிவதற்குள் போய்ச் சேர நினைப்பது பெரும் ஆபத்து. அந்த நேரம் உடல் தானாக உறக்கத்தை நாடும் நேரம். ஓட்டுபவர் முதலில் உறங்கி எழ வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நிறுத்த வேண்டும். கண் செருகினால் காப்பி மட்டும் போதாது. கால் மணி நேரமாவது படுத்தெழ வேண்டும்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத எதிரி. மூடிய வண்டிக்குள் கரி அடுப்பு வைத்தாலும், நிறுத்திய வண்டியில் இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உறங்கினாலும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே சேரலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் உயிர்வளியைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக இந்த நச்சைப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் வரும். உறக்கத்தில் இருப்பவர் விழிக்காமலே போய்விடலாம். வெளிநாட்டு வீட்டு வண்டிகளில் காற்றுத் துளைகளும் எச்சரிக்கை மணியும் வைப்பது இதற்காகத்தான். நாம் செய்ய வேண்டியது எளிது: அடுப்பை எப்போதும் வண்டிக்கு வெளியே வைத்துச் சமையுங்கள். உறங்கும்போது இயந்திரத்தை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

வெயிலில் நிறுத்திய வண்டியில் பிள்ளைகளை ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். கண்ணாடி மூடிய வண்டி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். பின் இருக்கையில் இருப்பவரும் வார்ப்பட்டை அணிய வேண்டும் என்பது 2009 முதல் நம் நாட்டில் சட்டம். "பதினொரு பேருக்கு வேனில் பதினெட்டுப் பேர் போனால் செலவு குறையும்" என்று கணக்குப் பார்க்காதீர்கள். வாடகைக்கு வேன் பேசும்போது, ஆள் ஏற்ற அனுமதி இருக்கிறதா, காப்புறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதியில்லாத வண்டியில் விபத்து நேர்ந்தால், காப்புறுதிப் பணமும் கைக்கு வராமல் போகலாம். சரக்கு லாரியில் ஆட்கள் நின்றுகொண்டு போன காலம் போகட்டும்.

கடைசியாகக் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணத்தில் இரண்டு பேருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஒருவர் வண்டி ஓட்டுபவர். மற்றொருவர் வீட்டுத் தாய். வீட்டில் அடுப்படி, வண்டியிலும் அடுப்படி என்றால் அவருக்கு அது விடுமுறையாகாது. அரிசி களைவதையும் பாத்திரம் கழுவுவதையும் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மாதம் பத்து இருபது வெள்ளி தனியே எடுத்து வைத்தால் ஆண்டுக்கொரு சிறு பயணத்துக்கு வழி பிறக்கும். போய் வந்த ஊரைப் பற்றிப் பிள்ளைகளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்; பூமிப் படத்தில் போன பாதையை விரலால் காட்டச் சொல்லுங்கள். பள்ளியில் நாங்கள் ஒரு மாதம் கற்பிப்பதை ஒரு நாள் பயணம் கற்பித்துவிடும்.

வண்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. தூரமும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டும்; அந்த ஓய்வு யாரோ போடும் பிச்சையன்று, நாம் உழைத்துச் சேர்த்த சொத்து. இவ்வாண்டு உங்களுக்குச் சேர வேண்டிய விடுமுறை எத்தனை நாள்? நாளைக் காலை வேலைக்குப் போகும்போது கேட்டு வாருங்கள்.